பட்டையா? ரப்பரா? - போட்டுக்கு அடியில ஒரு பட்டிமன்றம்

ஆபீஸ்ல ஆணி புடுங்குற வேலை அதிகம். அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. இந்தத் தடவை மீன் பிடிச்ச கதை இல்லை. மீன் பிடிக்கப் போற போட்டைத் தூக்கிட்டுப் போகுமே ஒரு ட்ரெய்லர், அதோட கதை. இன்னும் கறாராச் சொன்னா, அந்த ட்ரெய்லருக்கு அடியில இருக்குற ஸ்பிரிங்கோட கதை.

டிஸ்கி: ஸ்பானரைக் கண்டாலே அலர்ஜி உள்ளவங்க இப்பவே ஜூட் விட்டுடலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

நம்ம போட்டு ஒண்ணும் பெரிய கப்பல் இல்லை. 4.8 மீட்டர் அலுமினியப் படகு. மெல்பர்ன்ல மூணாவது கையா வாங்கினது. போட்டு, மோட்டார், பெட்ரோல், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 1,000 கிலோவுக்குப் பக்கத்துல வரும். ட்ரெய்லருக்கு ஒரே ஒரு அச்சு, ரெண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒண்ணா ரெண்டு பட்டை ஸ்பிரிங் கட்டு. நம்ம ஊர் லாரிக்கடியில பார்த்திருப்பீங்களே, வளைஞ்ச இரும்புப் பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, யூ-போல்ட் போட்டு இறுக்கி... அதேதான். சைஸு மட்டும் குழந்தை சைஸு.

வாங்கின நாள்ல இருந்து அந்த ஸ்பிரிங்கை நான் குனிஞ்சு பார்த்தது கிடையாது. மோட்டாருக்கு வருஷா வருஷம் சர்வீஸ். மீன் தேடுற கருவிக்கு ஒரு உறை, அந்த உறைக்கு இன்னொரு உறை. தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுத் தொடைச்சு வெல்வெட் பையில வெப்பேன். அடியில இருக்குற இரும்பை யார் பார்க்கப் போறா?

ஒருத்தர் பார்த்தார். என் மாமனார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2023 ஆரம்பத்துல மாமனாரும் மாமியாரும் மூணு மாசம் எங்ககூட வந்து இருந்தாங்க. மாமா சேலம் பக்கம் ஒரு பஸ் டிப்போவுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அதுல பாதிக்கு மேல ஸ்பிரிங் செக்‌ஷன். மெல்பர்ன்ல அவருக்கு என்ன பொழுதுபோக்கு சொல்லுங்க? டிவியில புரியாத கிரிக்கெட் கமெண்டரி, வாசல்ல புரியாத வெயில். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தா, மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ட்ரெய்லருக்கு அடியில படுத்துக் கிடக்கார்.

"என்ன மாமா, அங்க போய்..."

"மாப்ளே, இந்தப் பக்கத்து டயரு ரம்பப் பல்லாட்டம் தேஞ்சிருக்குதுங்க. கவனிச்சீங்ளா?"

நான் எங்க கவனிச்சேன்! காத்து கம்மியா இருக்கும் மாமான்னு சொல்லி வெச்சேன். அவர் விடலை. நூல் இருக்கான்னு கேட்டார். நூலுக்கு எங்க போறது? தூண்டில் நைலானை எடுத்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்துட்டு, "இது நீளுதுங்க, ஆவாது"ன்னுட்டார். அப்புறம் நீளாத பின்னல் நூலை, மீட்டர் கணக்குல காசு கொடுத்து வாங்கி வெச்சிருந்த அருமையான நூலை, ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். (மனசுக்குள்ள அவ்வ்வ்வ்.)

அவர் செஞ்சது இவ்வளவுதான். ட்ரெய்லரோட மூக்குல, காரோட பந்து உட்காருற இடத்தோட நட்டநடுவுல நூலோட ஒரு முனை. இன்னொரு முனையை இடது சக்கரத்தோட குடத்து மையம் வரைக்கும் இழுத்து முடிச்சு. அதே நூலை அப்படியே கொண்டு போய் வலது குடத்துக்கு வெச்சுப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இருந்தா அச்சு நேரா இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா வண்டி ஒரு பக்கமா நண்டு மாதிரி நடக்குதுன்னு அர்த்தம். டயரைத் தேய்ச்சுத் தின்னுடும்.

இடது பக்கம் சுண்டு விரல் அகலத்துக்கு ஜாஸ்தி.

"அச்சு பின்னுக்குப் போயிருக்குதுங்க மாப்ளே. முன் கண்ணுல ஏதோ சங்கதி இருக்கு. களட்டிப் பாத்துரலாமுங்ளா?"

முன் கண்ணுன்னா, மெயின் பட்டையோட முன் நுனியை உருட்டி வளையமாக்கி, அதுக்குள்ள ஒரு போல்ட் போட்டு சட்டத்தோட மாட்டியிருப்பாங்களே, அந்த வளையம். எங்க ட்ரெய்லர்ல ஸ்பிரிங்கோட பின் நுனி சும்மா ஒரு தகட்டு மேல உட்கார்ந்து வழுக்கும். அதனால அச்சை முன்ன பின்ன போகாமப் பிடிச்சு வெக்கிறது அந்த முன் கண்ணு ஒண்ணுதான். இதெல்லாம் இப்ப எழுதுறேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுங்கிறது கூட தெரியாது. அடுத்த வாரம் பார்க்கலாம் மாமான்னேன். ராத்திரி தங்கமணிகிட்ட, "உங்கப்பாவுக்கு இது பஸ்ஸுன்னு நினைப்பு"ன்னு சிரிச்சேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவங்க ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

2023 நவம்பர், ஒரு ஞாயித்துக்கிழமை. இங்கே அது ஸ்நாப்பர் மீன் சீசன். நானும் பொண்ணும் (அப்ப அவளுக்கு 9 வயசு) விடிகாலையில ஹேஸ்டிங்ஸ் துறையில போட்டை இறக்கி, வெஸ்டர்ன் போர்ட் வளைகுடாவுக்குள்ள போனோம். ரெண்டு மீன். 28 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா திருப்பி விட்டுடணும்னு சட்டம். ரெண்டும் அதுக்கு மேல. பொண்ணுக்கு சந்தோஷம் தாங்கலை. மதியம் போட்டை ஏத்திக்கிட்டு வெஸ்டர்ன் போர்ட் ஹைவேல கிரான்போர்ன் பக்கமா வந்துட்டு இருக்கேன். வேகம் 90.

'டங்'குன்னு ஒரு சத்தம். ஏதோ கல்லுன்னு நினைச்சேன்.

வண்டி லேசா இடது பக்கம் இழுத்துச்சு. காத்துன்னு நினைச்சேன்.

பின் சீட்டுல இருந்து, "அப்பா, போட்டுல இருந்து புகை வருது."

கண்ணாடியில பார்த்தா ட்ரெய்லரோட இடது சக்கரத்துல இருந்து வெள்ளையா புகை. எனக்குப் பின்னாடி ஒரு லாரி, கொஞ்ச தூரத்துலதான். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாதுன்னு மட்டும் எப்படியோ தோணிச்சு. காலை மெல்ல எடுத்து, ஓரங்கட்டி, நின்னுட்டேன். ட்ரெய்லர் முழுக்க சாஞ்சு, சக்கரம் பின்னுக்குப் போய் மட்கார்டுல முட்டி, டயர் பாதி உரிஞ்சு தொங்குது. மெயின் பட்டை முன் கண்ணுக்குப் பக்கத்துல ரெண்டா உடைஞ்சிருந்தது. லாரி ஹாரனை அழுத்திக்கிட்டே தாண்டிப் போச்சு. அது போன காத்துல கார் ஆடின ஆட்டம் இருக்கே... பொண்ணு அழலை. பேசவும் இல்லை. புல்லுல உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கிட்டா. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. மீன் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி கத்தியிருந்தா தேவலை. "இனிமே பாப்பா அதுல வர மாட்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. அதோட சரி.

இனி பட்டிமன்றம்.

ட்ரெய்லரைத் தூக்கிட்டுப் போன பட்டறைக்காரர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, பழையபடியே பட்டை ஸ்பிரிங். புது ஜோடி, புது யூ-போல்ட், புது புஷ், மாட்டுற கூலி எல்லாமாச் சேர்த்து 500 டாலருக்குள்ள. ரெண்டு, இருக்கிற அச்சையே தூக்கிப் போட்டுட்டு ரப்பர் டார்ஷன் அச்சு. அது 1,800க்கு மேல. பிரேக்கையும் புதுசா மாட்டணும். இங்கே 750 கிலோவுக்கு மேல ஏத்துற ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம்.

டார்ஷன் அச்சுன்னா என்னன்னு எனக்கு விளக்கினவர் எங்க பக்கத்து வீட்டு கிரேக்கத் தாத்தா. எழுபது தாண்டியும் வாரத்துக்கு ரெண்டு தரம் கடலுக்குப் போறவர். அவர் ட்ரெய்லர்ல அதுதான். சமாச்சாரம் ரொம்ப எளிமை. சதுரமா ஒரு இரும்புக் குழாய். அதுக்குள்ள இன்னொரு சதுரக் கம்பியை 45 டிகிரி திருப்பி வெச்சா, நாலு மூலையிலயும் முக்கோணமா இடம் மிஞ்சும் இல்லையா? அந்த நாலு சந்துலயும் ரப்பர் உருளை. உள்கம்பியோட நுனியில ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தக் கையில சக்கரம். சக்கரம் மேல எழும்பினா கை திரும்பும், கம்பி உருளும், ரப்பர் நசுங்கும். அவ்வளவுதான் சஸ்பென்ஷன். ரப்பரை எப்படி உள்ள நுழைக்கிறாங்கன்னு கேட்டா இன்னும் சுவாரசியம். திரவ நைட்ரஜன்ல உறைய வெச்சு சுருக்கி, உள்ள திணிச்சிடுவாங்களாம். குளிர் விட்டதும் ரப்பர் வீங்கி இறுகிக்கும். அப்புறம் ஆளை வெச்சு இழுத்தாலும் வராது.

தாத்தா தன் ட்ரெய்லரை என் கார்ல மாட்டி ஒரு சுத்து ஓட்டச் சொன்னார். நிஜமாவே சொல்றேன், பின்னாடி ட்ரெய்லர் இருக்கான்னு ரெண்டு தடவை கண்ணாடியில பார்த்தேன். கடகடா இல்லை, கிரீச் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா மத்த சக்கரத்துக்கு சேதியே போகாது. ரெண்டும் தனித்தனி. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஸ்பிரிங் அடுக்கு இல்லாததால போட்டும் கொஞ்சம் தாழ்வா உட்காருது. வெஸ்டர்ன் போர்ட்ல தண்ணி வத்துற நேரத்துல ஆழமில்லாத துறையில போட்டை மிதக்க விட இது பெரிய வசதி. தவிர பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல உப்புத்தண்ணி தங்குற பிரச்சினையே இல்லை. பட்டை ஸ்பிரிங்கோட சாபமே அதுதானே. கடல்ல முக்கி எடுக்குற ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்குல உப்பு போய் உட்கார்ந்துக்கும். துத்தநாகம் பூசியிருந்தாலும் பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசுற இடத்துல பூச்சு போயிடும். துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

"பத்து வருஷமா கையே வெக்கலை"ன்னார் தாத்தா. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் விழுந்துட்டேன். சோம்பேறிக்குன்னே செஞ்ச சஸ்பென்ஷன்! 1,800 என்ன, 2,000 கொடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் மறுநாள் பட்டறைக்குப் போனேன்.

அங்கே மூலையில வேற ஒரு போட்டு ட்ரெய்லர் நின்னுட்டு இருந்தது. டார்ஷன் அச்சு. அதோட ஒரு சக்கரம் மட்டும் போலியோ வந்த கால் மாதிரி உள்பக்கமா மடங்கி நிக்குது. என்ன ஆச்சுன்னு கேட்டேன். குழாய்ல இருந்து கை வெளிய வருதே, அந்த வாய் வழியா உப்பும் மணலும் உள்ள போய், உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கு. வெளிய பார்த்தா கால்வனைஸ் பூச்சு பளபளன்னு இருக்கு. சரி பண்ண முடியுமான்னேன். பட்டறைக்காரர் சிரிச்சார். அதுல கழட்டி மாட்ட ஒண்ணுமே இல்லை. ரப்பர் போனாலும் சரி, கை போனாலும் சரி, அச்சோட மாத்த வேண்டியதுதான்.

நான் முழிச்ச முழியைப் பார்த்துட்டு அவரே இன்னும் ரெண்டு சேதி சொன்னார். டார்ஷன் அச்சோட எடை தாங்குற அளவு தொழிற்சாலையிலயே ரப்பர்ல எழுதின விதி. அப்புறம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாளைக்கு எனக்குப் பெரிய மோட்டார் ஆசை வந்தா? இல்லை, இப்பவே 'இருக்கட்டுமே'ன்னு பெரிய அச்சா வாங்கிப் போட்டா, நம்ம எடைக்கு ரப்பர் அசைஞ்சே கொடுக்காது, போட்டு கருங்கல் மேல உட்கார்ந்த மாதிரி அடி வாங்கும். பட்டையில ஒரு பட்டையைச் சேர்க்கலாம், எடுக்கலாம். அப்புறம், டார்ஷன் அச்சை மாட்டுற இடத்துல சட்டம் நல்லா கெட்டியா இருக்கணும். பட்டை ஸ்பிரிங் முன்ன ஒரு இடம், பின்ன ஒரு இடம்னு பாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கும். இது எல்லாத்தையும் ஒரே இடத்துல இறக்கும். என் ட்ரெய்லர் சட்டத்துல சரியா அந்த இடத்துலதான் துரு கொப்புளம் விட்டிருந்தது. சுத்தியலால லேசா தட்டினார், பொரபொரன்னு கொட்டிச்சு.

(ரெட்டை அச்சு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சேதி. பட்டை ஸ்பிரிங்ல ரெண்டு அச்சுக்கும் நடுவுல ஏத்தப்பலகை மாதிரி ஒரு இணைப்பு இருக்கும். ஒரு சக்கரம் மேடு ஏறினா பாரத்தை மத்த சக்கரத்தோட பங்கு போட்டுக்கும். டார்ஷன்ல அந்தப் பங்கு கிடையாது. ட்ரெய்லர் மூக்கு தூக்கியோ தாழ்ந்தோ இருந்தா ஒரு அச்சே எல்லாத்தையும் சுமக்கும். அதனால சமமட்டமா இழுக்குறது ரொம்ப முக்கியம். நமக்கு ஒத்தை அச்சு, இந்தக் கவலை இல்லை.)

அன்னிக்கு ராத்திரி தங்கமணி ஊருக்கு வீடியோ கால் போட்டுட்டு, "அப்பா பேசணுமாம்"னு போனைக் கையில திணிச்சாங்க. நான் விஷயத்தை மாமாகிட்ட சொல்லலை. வெக்கம்தான், வேறென்ன. ஆனா அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.

'நான் அப்பவே சொன்னேன்'ங்கிற வாக்கியத்துக்காக உடம்பை இறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வரலை.

"பாப்பா பயந்துட்டாளுங்ளா?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "ஒடஞ்ச துண்டு இருக்குதுங்ளா? ஒடஞ்ச மூஞ்சியைக் காட்டுங்க."

பட்டறையில இருந்து எடுத்துட்டு வந்திருந்தேன். கேமராவுக்குக் கிட்ட வெச்சுக் காட்டினேன். அதுவரைக்கும் நானும் அதை ஒழுங்காப் பார்க்கலை. உடைஞ்ச முகத்துல பாதி கறுப்பா, துருப்பிடிச்சு, வழவழன்னு. மீதி பாதி வெள்ளி மாதிரி, சர்க்கரைக் கட்டியை உடைச்சாப்பல பொறிப்பொறியா மினுங்குது.

"வெள்ளையா இருக்குது பாருங்க, அது அன்னிக்கு ஒடஞ்சது. கறுப்பு, அது முன்னயே விட்டுருச்சு. மாசக் கணக்குல ஆயிருக்குமுங்க."

பாதி பட்டை முன்னாலயே விட்டுப் போயிருக்கு. மீதி பாதிதான் என் போட்டையும், அதை இழுத்துக்கிட்டுப் போன எங்களையும் சுமந்திருக்கு. அந்த மாசங்கள்ல எத்தனை ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்னு விரல் விட்டு எண்ணினேன். ஏழு வரைக்கும் எண்ணிட்டு நிறுத்திட்டேன்.

டார்ஷன் பத்தியும் கேட்டேன். சின்ன வண்டிக்கு ரப்பர் சுகமா இருக்கும், ஒண்ணும் தப்பில்லைன்னுதான் அவரே சொன்னார். பட்டைக்காக ஒண்ணும் வாதாடலை. "எது போட்டாலும் அடியில படுத்துப் பாக்கோணும். பட்டைன்னா பாத்தா தெரியுமுங்க. அது மூடியிருக்குது, நீங்க என்னத்தைப் பாப்பீங்க?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை.

யோசிச்சுப் பார்த்தா, தாத்தா பத்து வருஷமா கை வெக்கலைன்னு சொன்னதுல எனக்குப் பிடிச்சது ரப்பர் இல்லை, கை வெக்காம இருக்குறதுதான். அதே ஆசைதான் பட்டையையும் உடைச்சது. உப்புத்தண்ணியில முக்கி எடுக்குறதை, உள்ள பார்க்கவே முடியாத ஒரு பெட்டியில வெச்சு, பொண்ணைப் பின் சீட்டுல உட்கார வெச்சுட்டு 'பத்து வருஷம் தாங்கும்'னு நம்புற தைரியம் எனக்கு அதுக்கப்புறம் இல்லை. ஏரியிலயும் ஆத்துலயும் மட்டும் போட்டு விடுறவனா இருந்து, சட்டமும் புதுசா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு டார்ஷன்தான் போட்டிருப்பேன். ஓட்டிப் பார்த்த சுகம் அப்படி. இப்பவும் தாத்தா ட்ரெய்லர் சத்தமில்லாம சந்துல திரும்பும்போது வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

பட்டையே போட்டேன். மிச்சமான காசுல சட்டத்துல துருப்பிடிச்ச பாகத்தை வெட்டியெடுத்துட்டு புதுசா வெல்டிங். கூடவே ஒரு பட்டைக் கட்டு, ஒரு கண்ணு போல்ட், ரெண்டு யூ-போல்ட் ஸ்டெப்னியா வாங்கி போட்டுக்குள்ள வெச்சிருக்கேன். ஜாக்கி, ஸ்பானர் இருந்தா ரோட்டோரத்துலயே மாத்தலாம். டார்ஷன் அச்சை ஸ்டெப்னியா தூக்கிட்டுப் போக முடியாதே.

பராமரிப்புன்னு பெரிய வேலை எதுவும் இல்லை. துறைக்கு வந்ததும் உடனே தண்ணியில இறக்காம ஒரு டீ குடிக்கிற நேரம் விடணும். சூடா இருக்குற குடம் சட்டுனு குளிர்ந்தா உள்ள இருக்குற காத்து சுருங்கி, சீல் வழியா உப்புத்தண்ணியை பேரிங்குக்கு இழுத்துடும். இது ரெண்டு வகைக்கும் பொதுவான சேதி. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில, மேல இல்லை, அடியில, பட்டை இடுக்குல பாயுற மாதிரி பத்து நிமிஷம். காஞ்சப்புறம் எண்ணெய். மாமா, டிப்போ வழக்கப்படி, பழைய இன்ஜின் ஆயிலை அடிங்கன்னார். தாத்தா கேட்டுட்டு தலையில கை வெச்சுக்கிட்டார். அது அப்படியே கடல்ல மிதக்கும், மீனும் பாழ், ஃபைனும் நிச்சயம். இங்கே ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற லானோலின் ஸ்ப்ரே கிடைக்குது. தண்ணியில லேசுல கரையாது, இரும்பைப் பிடிச்சுக்கும். வாசம்தான்... மழையில நனைஞ்ச செம்மறி ஆடு நம்ம கராஜுல குடியிருக்குற மாதிரி. தங்கமணி மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கமாப் போவாங்க. பட்டைக்கு நடுவுல இருந்து காவி நிறத்துல பொடி கசிஞ்சா உள்ள ஏதோ உரசுதுன்னு அர்த்தம், அதையும் பார்க்கணும்.

அதோட, நூல்.

ட்ரெய்லர் தயாராகி 2024 பிப்ரவரியில வீட்டுக்கு வந்தது. பொண்ணு பக்கத்துலயே வரலை. நான் தனியாத்தான் கடலுக்குப் போனேன். தனியாப் போறதுல என்ன இருக்கு? மீன் மாட்டினா யார்கிட்ட காட்டுறது? ஏப்ரல், மே எல்லாம் அப்படியே போச்சு. கூப்பிடக் கூடாதுன்னு எனக்கு நானே கட்டுப்பாடு. தங்கமணியும் அந்தப் பேச்சை எடுக்கலை.

பள்ளிக்கூட லீவுல ஒரு சனிக்கிழமை. டிரைவ்வேல நூலை வெச்சுக்கிட்டு நான் ஒத்தையா அல்லாடிட்டு இருந்தேன். மூக்குல ஒரு முனையைப் பிடிச்சா குடத்துல பிடிக்க ஆள் இல்லை. டேப் ஒட்டிப் பார்த்தேன், பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. ஜன்னல்ல இருந்து பார்த்துட்டே இருந்திருக்கா போல. செருப்பு கூடப் போடாம வந்து, "எந்த எடத்துல பிடிக்கணும்?"னு கேட்டா.

முன்னாடி பந்து உட்காருற இடத்துல அவளை நிறுத்தினேன். அந்தக் குழி நடுவுல கட்டைவிரலால நூலை அழுத்திக்கணும், விரல் அசையக் கூடாதுன்னேன். இடது குடத்துல முடிச்சு போட்டேன். நூலை விடாம வலது பக்கம் கொண்டு போனேன். சரியா இருந்தது. அவ நம்பலை. இடத்தை மாத்திக்கலாம், நீ பிடி, நான் பார்க்குறேன்னா. மாத்திக்கிட்டோம். நான் மூக்குல, அவ குடத்துல. குனிஞ்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, பேனாவால நூல்ல கோடு போட்டு, ரெண்டு பக்கமும் நடந்து நடந்து பார்த்தா. அப்படியே தாத்தா ஜாடை. கிரேக்கத் தாத்தா இல்லை, அவளோட தாத்தா.

"இந்தப் பக்கம் கொஞ்சூண்டு ஜாஸ்தியா இருக்குப்பா."

"எவ்வளவு?"

பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துட்டு வந்து வெச்சுப் பார்த்தா. 3 மில்லிமீட்டர்.

மூணு மில்லிமீட்டர் ஒண்ணும் இல்லைடா, நூல் பிடிக்கிறதுலயே அவ்வளவு வரும்னு வாய் வரைக்கும் வந்தது. ஸ்கேலைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு நின்னா.

கராஜுக்குப் போய் ஜாக்கியையும் 19 நம்பர் ஸ்பானரையும் எடுத்துட்டு வந்தேன்.